கொழுந்து தேடும் கண்

1885-இல் வில்லியம் கேமரன் அளந்த, மலேசியாவின் கேமரன் மலையில், 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். சரிவுகளைத் தேயிலையாக்கியதில் தமிழர் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதே மலையில் லெம்பா பெர்த்தாம் பக்கம் காய்கறித் தோட்டங்கள் பெருகின.

கொழுந்து கிள்ளுவது கைவேலை மட்டுமல்ல. பச்சைக்குள் இளம்பச்சையை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய், கண் பிரித்தெடுக்க வேண்டும். மனம் ஊன்றிப் பார்க்கும்போது முன்மூளையின் அடிப்பகுதி நரம்புகள் பார்வைப் புறணியில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கண்ணிலிருந்து வரும் செய்தி ஓங்குகிறது. புறணிக்குள்ளேயே நடக்கும் பக்கப்பேச்சு தணிகிறது. நரம்பு இப்படி வேதிப்பொருளால் பேசுவதை 1921-இல் தவளை இதயத்தில் காட்டிய ஓட்டோ லோவி, 1936-இல் ஹென்றி டேலுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

அதே 1930களில் ஜெர்மனியின் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடி, ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகளைக் கண்டார். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை இவை முடக்குகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இவை உலகெங்கும் வயல்களுக்கு வந்தன.

பூச்சிக்கு மட்டுமா அந்த நொதி? முதுகில் பம்பு சுமந்து மருந்தடிப்பவருக்கும் அதுதான். நஞ்சேறினால் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், பார்வை மங்கும், எச்சில் ஊறும், மூச்சு திணறும்.

மலேசியாவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1974-இல் வந்தது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையைத் தெனாகனித்தா அமைப்பின் 2002 அறிக்கை வெளிக்கொணர்ந்தது.

இந்த நஞ்சுக்கு முறிவு மருந்தான அட்ரோபின், ஊமத்தையிலும் இருக்கிறது. அது அசிட்டைல்கோலினின் வழியை அடைக்கும். அளவு மிஞ்சினால் இல்லாத உருவங்கள் கண்முன் ஆடும்.

நொதி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும். மருந்தடிக்கும் வேலையில் சேருமுன்பே ஒருமுறை பார்த்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.