ஒரு நோயின் பெயரும் ஒரு தவறான சுமையும்

திருப்பலி வாசகங்களில் தொழுநோயாளரைப் பற்றிக் கேட்கும்போது, இன்று மருத்துவர்கள் 'ஹான்சன் நோய்' என்றும் அழைக்கும் நோயையே நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் விவிலியத்தின் மூலச் சொல் அதைவிட விரிந்த பொருளுடையது.

லேவியர் நூல் 13, 14 ஆகிய அதிகாரங்களில் வரும் எபிரேயச் சொல் 'சாராஅத்'. உடலில் தோன்றும் வெண்மையான தடிப்புகளை மட்டுமல்ல, துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் கறைகளையும் அது குறித்தது. அதைச் சோதித்தவர் மருத்துவர் அல்லர், குரு. அவர் அறிவித்தது நோயின் பெயரை அல்ல. அது தீட்டா இல்லையா என்பதையே.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய 'எழுபதின்மர்' கிரேக்க மொழிபெயர்ப்பில் இச்சொல் 'லெப்ரா' ஆயிற்று. செதில் எனப் பொருள்படும் 'லெபிஸ்' என்பதோடு தொடர்புடைய சொல் இது. கிரேக்க மருத்துவர்களுக்கு லெப்ரா என்பது செதில் உதிரும் தோல்நோய். நாம் இன்று தொழுநோய் என்பதை அவர்கள் 'எலெபந்தியாசிஸ்' என்றனர். இன்றைய யானைக்கால் நோய் வேறு.

புனித எரோணிமுஸின் இலத்தீன் விவிலியம் 'லெப்ரா'வை அப்படியே ஏற்றது. அரபு மருத்துவர்களோ தொழுநோயை 'ஜுதாம்' என்றனர். 11-ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் தந்த ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் என்ற துறவி, ஜுதாமையும் 'லெப்ரா' என்றே எழுதினார். இவ்வாறு, தீட்டைக் குறித்த பழைய சொல்லும் ஒரு குறிப்பிட்ட நோயும் ஒரே பெயருக்குள் வந்தன. நோயாளர் தம் நோயோடு தீட்டு என்னும் பழியையும் சுமந்தனர்.

1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்நோய்க்குக் காரணமான நுண்கிருமியைக் கண்டறிந்தார். 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைக் குணமாக்குகிறது. இருப்பினும் பெயர் தரும் காயம் முற்றிலும் ஆறவில்லை. 1948-இல் ஹவானாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, நோயாளரை நோயின் பெயராலேயே அழைக்கும் 'லெப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கைவிடப் பரிந்துரைத்தது.

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் தம்மை நாடி வந்தவரை இயேசு முதலில் தொடுகிறார். தீட்டு எனப்பட்டவரை அவர் விலக்கவில்லை. நாமும் நோயுற்றோரை நோயின் பெயரால் அல்ல, அவர்களின் சொந்தப் பெயரால் அழைப்போம். 'தொழுநோய்' என்ற சொல்லைப் பழிச்சொல்லாகவோ பாவத்தின் உவமையாகவோ பயன்படுத்தாதிருப்போம்.