லைசென்சும் பேட்ஜும்

போன வாரம் வடலூர் போக ஆர்ச் கேட் பக்கம் ஒரு டாக்சி பிடித்தேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பழைய பழக்கத்தில், "தம்பி, பேட்ஜ் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். "அதெல்லாம் இப்ப வேணாம் சார், கார் ஓட்டுற லைசென்சே போதும்" என்றார். வடலூர் வரை அதைப் பற்றியேதான் பேச்சு. வீட்டுக்கு வந்ததும் எழுதி வைக்கத் தோன்றியது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் முதல் உலகப் போர்ப் பாடத்தில் பாரிஸ் டாக்சிகள் வரும். 1914 செப்டம்பரில் சுமார் 600 டாக்சிகள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மார்ன் போர்முனைக்குப் போயின. போகும்போதும் மீட்டர் ஓடியதாம்! அந்தத் தொகையில் ஒரு பங்கை அரசாங்கம் பிறகு கொடுத்தது. அதே 1914-ல்தான் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு அது செல்லாது.

பிரெஞ்சில் 'பெர்மி' என்ற ஒரே சொல்லில் ஓட்டுநர் உரிமத்தைச் சொல்லிவிடுவார்கள். நான் அரசு வேலையில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், ஒரு கோப்பில் டிரைவரின் லைசென்சைப் 'பெர்மிட்' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி சிரித்தார். "லைசென்ஸ் மனுஷனுக்கு, பெர்மிட் வண்டிக்கு" என்றார். லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். பெர்மிட் அப்படியில்லை. கொடுத்த மாநிலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கத்து அதிகாரியின் மேலொப்பமோ தனிப் பெர்மிட்டோ வேண்டும். நெய்வேலி டாக்சிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுச்சேரிக்குச் சவாரி என்றால் முதலில் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

1939-ம் வருடச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. வாடகை வண்டி ஓட்ட லைசென்சில் தனியாக எழுதி வாங்க வேண்டும், இருபது வயதும் நிரம்பியிருக்க வேண்டும். சொந்தக்காரில் சம்பளத்துக்கு ஓட்டுபவருக்கும் கூடத் தனி அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் 1946 ஜூலையிலிருந்து கட்டாயமானது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 1956-ல்தான் நம் நிலக்கரி நிறுவனமே பிறந்தது.

1988-ல் புதுச் சட்டம் வந்தது, 1989 ஜூலை 1 முதல் அமல். சம்பள டிரைவருக்கான தனி அனுமதி அதில் போய்விட்டது. வாடகை வண்டிக்கானது நின்றது. சவாரிக்கு வர மறுத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்றும் அப்போது அதில் இருந்தது. (எத்தனை பேர் கட்டினார்களோ!) குழப்பம் ஆரம்பித்தது 1994 நவம்பர் திருத்தத்தில். லைசென்ஸ் வகைகளை மாற்றி எழுதும்போது 'இலகுரக வாகனம்' என்று ஒரு வகையும் 'போக்குவரத்து வாகனம்' என்று இன்னொரு வகையும் வைத்தார்கள். டாக்சி இரண்டிலும் அடங்கும். 7,500 கிலோவுக்கு உட்பட்டதால் இலகுரகம், வாடகைக்கு ஓடுவதால் போக்குவரத்து. அப்படியானால் கார் லைசென்ஸ் உள்ளவர் டாக்சி ஓட்டலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியில் ஒரு குடும்பம் சிக்கியதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் பிளாக்கில் ஒருவர் சொந்தமாக ஒரு அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டினார். இருபது வருட அனுபவம், நிதானமான கை. பேட்ஜ் மட்டும் போடவில்லை. "அடுத்த மாசம் போட்டுடறேன் சார்" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மழை நாள் மாலை சைக்கிளில் குறுக்கே வந்தவர் மீது வண்டி மோதிவிட்டது. அவருக்குக் கால் போயிற்று. வழக்கு நடந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி, இவருக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் இல்லை என்று வாதாடியது.

தீர்ப்பு நகலை என்னிடம்தான் கொண்டுவந்தார், இங்கிலீஷ் படித்துச் சொல்லுங்கள் என்று. அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் வகுத்துத் தந்த வழி அது. அடிபட்டவர் பக்கம் பார்த்தால் நியாயமான வழிதான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "உரிமையாளர்னா நான்தானே சார்?" என்று ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். வண்டி போயிற்று, மனைவியின் நகையும் போயிற்று. கடைசிக் காலத்தில் இன்னொருவர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டினார், பேட்ஜ் போட்டுக்கொண்டு.

2017 ஜூலை 3-ம் தேதி முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை இலகுரக லைசென்சிலேயே ஓட்டலாம், தனி அனுமதி வேண்டாம். 2018 ஏப்ரலில் மத்திய அரசு அதன்படி நடக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை. விவகாரம் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 நவம்பர் 6-ம் தேதி அவர்களும் அதையே உறுதி செய்தார்கள். இப்படி ஓட்டுவதால்தான் விபத்து கூடுகிறது என்பதற்கு யாரும் புள்ளிவிவரம் தரவில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

பயிற்சியும் கண் பரிசோதனையும் வாடகை ஓட்டுநருக்குக் கூடுதலாக வேண்டும் என்பது என் கட்சி. அதை ஒரு பேட்ஜ் சாதித்ததா என்பது சந்தேகம்தான்.

வடலூரில் இறங்கும்போது அந்தத் தம்பி கேட்டார்: "அந்தப் பெரியவருக்குப் பணம் திரும்பக் கிடைச்சுதா சார்?"

இல்லை என்றேன். முதல் தீர்ப்பு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார்.