தம்பிமார் வில்லன்களா?

மார்த்தாண்ட வர்மா என்றதும் மணவாளக்குறிச்சி பக்கம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது 1741 குளச்சல் போர்தான். டச்சுக்காரன் தோற்ற கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் நடந்த இரண்டு கொலைகளைப் பற்றி இரண்டு விதமான கதைகள் உண்டு.

1729ல் வேணாட்டு மன்னர் ராம வர்மா இறந்தார். பப்புத் தம்பி, ராமன் தம்பி இருவரும் அவருடைய மகன்கள். மருமக்கள்வழி முறையில் பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்குத்தான். அப்படி வந்தவர்தான் மார்த்தாண்ட வர்மா. தம்பிமார் எதிர்த்தார்கள். கடைசியில் நாகர்கோவில் அரண்மனையில் இருவரும் கொல்லப்பட்டார்கள். இதுவரை தகராறு இல்லை. ஏன் பகை வந்தது என்பதில்தான் வில்லங்கமே!

வில்லுப்பாட்டில் பாடும் 'தம்பிமார் கதை' சொல்வது இது: தம்பிமாரின் தங்கையை ராஜா பெண் கேட்டார். அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு அரசுரிமை தந்தால் சம்மதம் என்றார்கள் அண்ணன்மார். ராஜா மறுத்தார். பகை அங்கே ஆரம்பித்தது. ஆக இந்தக் கதையில் தம்பிமார் அநியாயமாகச் செத்தவர்கள்.

சி.வி. ராமன் பிள்ளை 1891ல் வெளியிட்ட 'மார்த்தாண்ட வர்மா' மலையாள நாவலில் எல்லாம் தலைகீழ். இளவரசர் உயிருக்குப் பயந்து ஒளிந்து திரிகிறார். பப்புத் தம்பி படுபாவி. இருட்டு, மாறுவேடம், சதி, கொலை என்று போகும் கதை. படிக்க விறுவிறுப்புதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாவல் என்பதை மறந்து சரித்திரமாகவே பலர் நம்பிவிட்டார்கள். அச்சில் வந்ததற்கு அவ்வளவு மதிப்பு!

இன்னொரு வேடிக்கை. 1933ல் நாகர்கோவில்காரரான சுந்தர்ராஜ் இந்த நாவலை மௌனப் படமாக எடுத்தார். பி.வி. ராவ் டைரக்‌ஷன். நாவலின் உரிமை வைத்திருந்த பதிப்பகம் கேஸ் போட, திருவனந்தபுரத்தில் ரிலீஸ் ஆன கையோடு படப்பெட்டி பறிமுதல். பல வருடம் முடங்கிக் கிடந்த பிரதி 1974ல் புனே ஆவணக் காப்பகத்துக்குப் போனது.

வில்லுப்பாட்டு மட்டும் உண்மை என்று சொல்லவும் முடியாது. அதுவும் கேட்பவர் மனம் உருகக் கட்டிய பாட்டுதான். ஆனால் அப்பன் சொத்து மகனுக்கு இல்லை என்ற வேதனை ராஜ குடும்பத்தோடு நிற்கவில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் அதே கதைதான். கவிமணி அதைக் கிண்டல் செய்தே 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினார். 1926ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகுதான் மக்கள்வழி உரிமைக்கு வழி பிறந்தது.