ஒரிஜினலும் அசலும்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் ‘பால்கோவா’வுக்கு முன்னால் அடிக்கடி கண்ணில் படும் அடைமொழி ‘ஒரிஜினல்’. பக்கத்தில் ராஜபாளையத்தில் நாய்க்குட்டி விசாரித்தாலும் அதே பேச்சுதான்: “ஒரிஜினல்னா மூக்கு ரோஸ் கலர்ல இருக்கும்ணே.”

சொல்லின் வேர் லத்தீனில். எழுதல், தோன்றுதல் என்பது பொருள். ஆங்கிலத்தில் முதலில் ‘ஆதியான’ என்ற பொருளில் வழங்கி, பிறகு ‘நகலல்லாத’, ‘இதுவரை யாரும் செய்யாத’ என்று விரிந்தது. அந்தக் கடைசிப் பொருள் நம் கடைத்தெருவில் ஒட்டவே இல்லை. இங்கே ஒரிஜினல் என்றால் பழைய பக்குவம் மாறாதது. வடக்கே கோயா என்பது சர்க்கரை சேராத பால்திரட்டு. இங்கேயோ பாலையும் சர்க்கரையையும் சேர்த்தே காய்ச்சுகிறார்கள். அகன்ற சட்டியில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பால் சுண்டச் சுண்டத் துடுப்பு கனக்கும், வெண்மை மங்கி இளம்பழுப்பு ஏறும். அந்தப் பதத்தில் இறக்கத் தெரிந்த கைதான் ஒரிஜினல்.

ஆங்கிலச் சொல் வருமுன் இந்த வேலையைச் செய்தது ‘அசல்’. அரபியில் அதற்கு வேர், அடி என்று பொருள். பாரசீகம் வழியாகக் கச்சேரிக்கும் கடன் பத்திரத்துக்கும் வந்தது: அசலும் வட்டியும், அசலும் நகலும். ஆனால் தமிழில் வேறொரு அசல் இருக்கிறது. ‘அயல்’ திரிந்த அசல். அண்டை அசல், அசலூர் என்பவை அதன் வழி வந்தவை. அதனால் அசல் பால்கோவா உள்ளூர்ச் சரக்கு, அசலூர்ப் பால்கோவா வெளியூர்ச் சரக்கு! அரபி வேரும் தமிழ் வேரும் ஒரே ஒலியில் எதிரெதிராக நிற்பது எனக்குத் தீராத வியப்பு.

ஊர்ப் பெயரே ஒருகாலத்தில் போதுமானதாக இருந்தது. அந்தப் பெயரை ஒட்டிய பொட்டலம் எல்லா பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கத் தொடங்கியதும் பெயருக்கே காவல் வேண்டியதாயிற்று. ஒரிஜினல் அந்தக் காவல். 2019இல் பால்கோவாவுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு அதையே சட்டத்தின் மொழியில் சொல்கிறது.

ராஜபாளையம் நாய்க்கும் 2005இல் ஓர் அங்கீகாரமாகத் தபால்தலை கிடைத்தது. ஆனால் சந்தையில் ஒரிஜினலுக்கு அடையாளம் இன்றும் பால்வெள்ளை ரோமமும் ரோஸ் மூக்கும்தான். நிறமி குறைவதால் வரும் அந்த வெண்மையோடு சில குட்டிகளுக்குப் பிறவிச் செவிடும் சேர்ந்து வருகிறது. குட்டி வாங்குகிறவர்கள் மூக்கைப் பார்த்ததும் பணத்தை எடுக்காமல், அதன் முதுகுப்பக்கம் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்க வேண்டும்.