ஆழம் குறைந்த இடத்தில் எழுந்த நகரம்: ரீபின்ஸ்கின் வளர்ச்சி

ஆற்றுத் துறைகள் பெரும்பாலும் ஆழமான நீரை நம்பி வளர்பவை. மாஸ்கோவுக்கு வடக்கே, யாரஸ்லாவ்ல் மாநிலத்தில் வோல்கா கரையிலுள்ள ரீபின்ஸ்க் அதற்கு விலக்கு. ஆறு ஆழம் குறைந்து, பாரமேற்றிய பெரிய படகுகள் மேலே செல்ல முடியாமல் நின்ற இடம் அது. அந்தத் தடைதான் ஊரை வாழவைத்தது என்பது இக்கட்டுரையின் துணிபு.

வோல்காவில் ஷெக்ஸ்னா ஆறு கலக்குமிடத்தில் இருந்த குடியிருப்பை, 1071ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை ஒட்டிப் பழைய ரஷ்ய நாளாகமம் குறிப்பிடுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அங்கிருந்தது மீனவர் குடியிருப்பு. மாஸ்கோ அரண்மனைக்கு ஸ்டர்ஜன், ஸ்டெர்லெட் வகை மீன்களை அனுப்புவது அவர்கள் கடமை. 1777இல் இரண்டாம் கத்தரீன் அதற்கு நகரத் தகுதி வழங்கினார். நகரச் சின்னத்திலும் மீன் இடம்பெற்றது. ஆனால் அதற்குள் ஊரின் பிழைப்பு தானியத்துக்கு மாறிவிட்டது.

காரணம் பீட்டர்ஸ்பர்க். 1703இல் தோன்றிய புதிய தலைநகரைச் சுற்றி நல்ல விளைநிலம் இல்லை. அதன் ரொட்டிக்கான கோதுமையும் ரை தானியமும் வோல்காவின் நடு, கீழ்ப் பகுதிகளிலிருந்து வந்தாக வேண்டும். வைஷ்னி வலச்சோக் கால்வாய் வழியோடு 1810இல் மரீன்ஸ்க் நீர்வழியும் 1811இல் திக்வின் நீர்வழியும் சேர்ந்தன. மூன்று வழிகளுக்கும் சரக்கைப் பிரித்துச் சிறு படகுகளுக்கு மாற்றிய இடம் ரீபின்ஸ்க். பருவம் தொடங்கியதும் பல்லாயிரம் புர்லாக்குகள், அதாவது தோளில் வாரிட்டுப் படகிழுக்கும் கூலிகள், ஊரில் குவிந்தனர். ரஷ்யாவில் அதற்குப் 'புர்லாக்குகளின் தலைநகர்' என்றே பெயர். கரையில் சுமையாள் முதுகில் ஏற்றிய தானிய மூட்டை ஒன்பது பூட். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 147 கிலோ. தானிய வணிகர்களின் மாளிகைகளைப் போற்றும் நகர வரலாறுகள் இந்த எடையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

நீராவி இழுவைப் படகுகள் புர்லாக்குகளின் வேலையைப் பறித்தன. 1870இல் பலகோயே என்ற ஊர் வரை ரயில் பாதை வந்தபோதும் தானியம் ரீபின்ஸ்கில் இறங்கியே வேகனில் ஏறியது. வணிகர்கள் தளரவில்லை, 1912இல்கூடப் புதிய தானியச் சந்தைக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். இப்போது அது அருங்காட்சியகம்.

அடிப்படையை மாற்றியது அணை. 1935இல் தொடங்கிய கட்டுமானத்தில் வோல்கோலாக் முகாமின் கைதிகள் உழைத்தனர். 1941 ஏப்ரலில் வழி அடைக்கப்பட்டு நீர் தேங்கத் தொடங்கியது. நிரம்ப 1947 ஆயிற்று. நீர்த்தேக்கத்தின் பரப்பு சுமார் 4,580 சதுர கிலோமீட்டர். மலோகா என்ற பழைய நகரமும் அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களும் மூழ்கின; ஏறத்தாழ 1,30,000 பேர் இடம்பெயர்ந்தனர். மலோகா மக்கள் தம் மரவீடுகளைக் கட்டை கட்டையாகப் பிரித்துத் தெப்பமாக்கி ஆற்றில் மிதக்கவிட்டு, ரீபின்ஸ்க் புறநகரில் மீண்டும் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் குறையும் ஆண்டுகளில் பழைய நகரின் அடித்தளக் கற்கள் வெளியே தெரிகின்றன.

நீர்மட்டம் உயர்ந்ததும் சரக்கு மாற்றும் தேவையே போயிற்று. கப்பல்கள் மதகுப்பூட்டு வழியே ஏறி நேராக வடக்கே போயின. ஊரின் பெயரும் நிலைக்கவில்லை: 1946 முதல் 1957 வரை ஷெர்பகோவ், 1984 முதல் 1989 வரை அந்த்ரோபவ். இரண்டுமே மறைந்த சோவியத் தலைவர்களின் பெயர்கள். ஊரார் கேட்டு வந்தவை அல்ல.

ஆற்றின் இடத்தைத் தொழிற்சாலை பிடித்துக்கொண்டது. 1916இல் 'ருஸ்கி ரெனோ' நிறுவனம் மோட்டார் வாகனத்துக்காகத் தொடங்கிய ஆலை, சோவியத் காலத்தில் விமான எஞ்சின் ஆலையாயிற்று. 1941இல் போர் நெருங்கியதும் அது உஃபாவுக்கு மாற்றப்பட்டாலும், அதே இடத்தில் எஞ்சின் தொழில் மீண்டும் வேரூன்றியது. இன்று 'சதூர்ன்' என்ற பெயரில் இயங்கும் அதுவே நகரில் பெருமளவில் வேலை தரும் நிறுவனம். இருப்பினும் 1989இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2021இல் 1.77 லட்சமாகச் சுருங்கிவிட்டது.