ஓஸ்தியாவில் ஓர் அடக்கம்

கி.பி. 387. ரோமின் துறைமுக நகரான ஓஸ்தியாவில் ஒன்பது நாள் காய்ச்சலுக்குப் பிறகு மோனிக்கா இறந்தார். வயது 56. பக்கத்தில் இருந்த மகன் அகுஸ்தீனுக்கு 33. அம்மாவின் கண்களை மூடிய கையோடு தன் அழுகையையும் அடக்கிக்கொண்டார். பேரன் அதியோதாத்துஸ் ஓவென்று கதறினான். பெரியவர்கள் சேர்ந்து அவனை அமர்த்தினார்கள். நண்பர் எவோதியுஸ் சங்கீதப் புத்தகத்தை எடுத்துப் பாட, வீட்டார் பதில் பாடினார்கள். ஒப்பாரிக்கு அங்கே இடமில்லை.

உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் மாரடித்து அழலாமா என்பது அந்தக் காலக் கிறிஸ்தவர்களை உறுத்திய கேள்வி. செத்தவர் அடியோடு அழிந்தார் என்று நினைப்பவர்கள்தானே புலம்ப வேண்டும்? அகுஸ்தீனும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டார். கல்லறையருகே திருப்பலி நடந்தபோதும் கண் கலங்கவில்லை. குளித்தால் துயரம் தணியும் என்று கேள்விப்பட்டு குளியலறைக்குப் போனார். உடம்புதான் நனைந்தது. தூங்கி விழித்த பிறகு, தனியாகப் படுத்திருந்த நேரத்தில், மிலான் ஆயர் அம்புரோஸ் இயற்றிய மாலைப் பாடல் நினைவுக்கு வந்தது. அழுகை பீறிட்டது. பத்தாண்டுகள் கழித்து எழுதிய 'கன்ஃபெஷன்ஸ்' நூலில் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறார். தனக்காக ஆண்டுக்கணக்கில் அழுத தாய்க்காகத் தான் சிறிது நேரம் அழுததைக் குற்றம் என்பவர்கள் சிரிக்க வேண்டாம், தன் பாவங்களுக்காக அழட்டும் என்கிறார். தாய்க்காக அழுவது விசுவாசக் குறைவாகாது என்பதற்கு இதைவிட நேர்மையான வாதம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

அம்மா ஆண்டுக்கணக்கில் அழுதார் என்று மகன் சொன்னது மிகையில்லை. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே ஊர்க்காரர் மோனிக்கா. முன்கோபியான கணவர் பத்ரீசியுஸ் வேறு மதத்தவர். சாவதற்குச் சற்று முன்தான் திருமுழுக்குப் பெற்றார். மகனோ மானிக்கேய மதத்தின் பின்னால் போய்விட்டான். கார்த்தேஜில் அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பலேறிய பிள்ளை அவன். மோனிக்கா விடவில்லை. கடல் கடந்து, மகன் இருந்த மிலானுக்கே போய்ச் சேர்ந்தார். 387 பாஸ்கா இரவில் அம்புரோஸ் கையால் மகன் திருமுழுக்குப் பெற்றதைக் கண்ணால் பார்த்தார். ஊர் திரும்பும் வழியில்தான் ஓஸ்தியாவில் சாவு.

மிலானில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர்கள் மறைசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் கொண்டுபோய்ப் படைத்து, பகிர்ந்து உண்பது வழக்கம். நம் படையலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மோனிக்கா ஒரே ஒரு சிறிய கிண்ணத்தில் தண்ணீர் கலந்த இரசத்தை எடுத்துக்கொண்டு கல்லறை கல்லறையாகச் செல்வார். மிலானில் அதே கூடையோடு போனவரை வாயிற்காவலர் தடுத்தார். ஆயரின் தடை! குடிகாரர்களுக்கு அது சாக்காகிவிட்டது, பிப்ரவரியில் ரோமானியர்கள் முன்னோருக்குச் செய்யும் பரெந்தாலியா சடங்கைப் போலவும் இருக்கிறது என்பது அம்புரோஸின் காரணம். மோனிக்கா மறுபேச்சுப் பேசவில்லை. பின்னாளில் ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் குருவான மகனும் கல்லறை விருந்துகளைக் கண்டித்து எழுதினார். அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார்.

உணவு போன இடத்தில் மன்றாட்டு வந்தது. சாகும் தறுவாயில் மோனிக்கா கேட்டதும் அதுதான். சொந்த ஊரில் கணவர் பக்கத்திலேயே அடங்க வேண்டும் என்று முன்பு இடமே பார்த்து வைத்திருந்தவர், உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பலிபீடத்தில் மட்டும் என்னை நினையுங்கள் என்றார். 'கன்ஃபெஷன்ஸ்' நூல் முழுவதிலும் அம்மாவின் பெயர் ஒரே இடத்தில்தான் வருகிறது: வாசிப்பவர்கள் மோனிக்காவையும் பத்ரீசியுஸையும் பலிபீடத்தில் நினைக்கட்டும் என்று மகன் வேண்டும் இடத்தில். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் மெழுகுத்திரி ஏற்றுவதோடு நிற்காமல், அம்மா அப்பா பெயரில் பூசைக் கருத்தும் கொடுக்கிறார்களே, அதன் வேர்களில் ஒன்று இந்த வேண்டுதல்.

முதுமையில், இறந்தோர் பராமரிப்பு பற்றி நோலா ஆயர் பவுலீனுவுக்கு எழுதியபோது, புனிதரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தால் இறந்தவருக்குப் பயனுண்டா என்பதை அகுஸ்தீன் அலசுகிறார். புதைக்கும் இடத்தால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது, மன்றாட்டுதான் உதவும் என்பது முடிவு. இறந்தவர்கள் நம்மிடம் வர முடியுமென்றால் தரையிலும் கடலிலும் என்னைத் தொடர்ந்து வந்த அம்மா ஓரிரவும் வராமல் இருப்பாரா என்ற கேள்வியும் அங்கே இருக்கிறது. தர்க்கம் பேசும் கிழவருக்குள் பிள்ளை எட்டிப்பார்க்கும் இடம் அது.

இடம் முக்கியமில்லை என்று தாயும் மகனும் சொன்னதை உலகம் கேட்கவில்லை. 1430இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் காலத்தில் மோனிக்காவின் எலும்புகள் ரோமுக்கு மாற்றப்பட்டு, இன்று அங்குள்ள புனித அகுஸ்தீன் ஆலயத்தில் இருக்கின்றன. 1945இல் ஓஸ்தியாவில் விளையாட்டுக் கம்பம் நடக் குழி தோண்டிய இரண்டு சிறுவர்களுக்கு, பழைய கல்லறைக் கல்வெட்டின் ஒரு துண்டு கிடைத்தது. அது அவ்வூர் புனித அவுரேயா ஆலயத்தில் இருக்கிறது. மே 4ஆம் தேதி கொண்டாடப்பட்ட மோனிக்காவின் திருநாள், 1969 நாட்காட்டித் திருத்தத்தில் ஆகஸ்ட் 27க்கு வந்தது. மகனின் திருநாள் மறுநாள், ஆகஸ்ட் 28.