வெட்கம் இடம் மாறிய நகரம்

பொதுவாழ்வில் நாகரிகம் வேண்டும் என்று வற்புறுத்துவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தம் அமைதி கெடலாகாதே என்ற அச்சத்தினால்தான் அவ்வாறு வற்புறுத்துகின்றனர் என்பது நம் எண்ணம். ஒடுக்கப்பட்டவன் குரல் சற்று உயர்ந்தாலே, "மரியாதையாகப் பேசு" என்ற கண்டனம் எழுந்துவிடும். ஆயினும் எதிரியின் மனச்சான்று இன்னும் செத்துவிடவில்லை என்று நம்பி, அந்த நம்பிக்கையினாலேயே நாகரிகத்தைக் கைக்கொண்டோரும் உண்டு. அமெரிக்காவின் டென்னஸி மாநிலத் தலைநகரான நாஷ்வில் நகரில் 1960ஆம் ஆண்டு அத்தகையோர் சிலரைக் காண்கிறோம்.

அந்நகரின் பெரிய கடைகளில் கறுப்பினத்தார் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், பணத்தைக் கடைக்காரர் இன்முகத்துடன் பெற்றுக்கொள்வார். அதே கடையின் சிற்றுண்டிப் பகுதியில் அமர்ந்து ஒரு குவளை காப்பி அருந்த மட்டும் அவர்களுக்கு அனுமதி இல்லை. பசித்த பிள்ளைக்கு இதன் காரணத்தைச் சொல்ல முடியாமல் தவித்த தாயின் முகத்தில்தான் அன்று வெட்கம் குடியிருந்தது. பந்தியில் இடம் மறுக்கப்படுவது எத்தகைய அவமானம் என்பதை இம்மண்ணில் பிறந்தோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்ற மாணவர்களைப் பயிற்றுவித்தவர் ஜேம்ஸ் லாசன் என்னும் மெதடிஸ்ட் சபை ஊழியர். கொரியப் போருக்குச் செல்ல மறுத்துச் சிறை கண்ட இவர், 1953 முதல் 1956 வரை நம் நாட்டு நாகபுரியில் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கற்றவர். பின்னர் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றுகொண்டே, ஓர் ஆலயத்தில் பயிற்சிக் கூட்டங்களை நடத்தினார். அங்கு மாணவர்களுள் சிலர் வெள்ளையராக நடித்தனர். நண்பர்களையே வசைபாடினர், நாற்காலியிலிருந்து கீழே தள்ளினர், முகத்தில் சிகரெட் புகையை ஊதினர். மற்றவர்கள் அசையாமல் அமர்ந்திருக்கப் பழகினர்.

மாணவர் கைக்கொள்ள வேண்டிய விதிகளும் எழுதப்பட்டன. அடித்தால் திருப்பி அடிக்கலாகாது, ஏசலாகாது, நிமிர்ந்து உட்கார வேண்டும், இயேசுவையும் காந்தியையும் மார்ட்டின் லூதர் கிங்கையும் நினைவில் கொள்ள வேண்டும். இவற்றோடு, உரக்கச் சிரிக்கவும் கூடாது என்று ஒரு விதி இருந்தது. நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது இதுவே. அடியைத் தாங்கிக்கொள்பவன்கூட ஏளனச் சிரிப்பினால் பழிதீர்த்துக்கொள்ளக் கூடுமல்லவா? அச்சிறு பழிவாங்கலையும் அவ்விளைஞர்கள் விட்டுவிட்டனர்.

பிப்ரவரி 13 அன்று ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்வோர் போல நல்லுடை அணிந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் அமைதியாகக் கடைகளுக்குள் சென்று அமர்ந்தனர். அவர்களுக்கு உணவு வரவில்லை. பிப்ரவரி 27 அன்றோ அடியும் உதையும் வந்தன. எரியும் சிகரெட்டுகளை அவர்கள் உடலில் அணைத்தனர். காவல்துறை அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட 81 பேரைக் கைது செய்தது. தலைக்கு 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அதைச் செலுத்துவது அநீதிக்குத் துணைபோவதாகும் என்று கூறி அவர்கள் சிறையைத் தேர்ந்தனர். குடும்பப் பெயருக்கு இழுக்கு என்று அதுவரை கருதப்பட்ட சிறைவாசம் அன்றே பெருமைக்குரியதாயிற்று. லாசனையோ மார்ச் மாதத் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. அதை எதிர்த்து அங்குள்ள இறையியல் பேராசிரியர் பலர் பதவி விலக முன்வந்தனர்.

அந்நாள்களில் நடந்த ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. வெள்ளை இளைஞன் ஒருவன் லாசன் முகத்தில் உமிழ்ந்தான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். திகைத்துப்போன அவன் எடுத்துக் கொடுத்தான்! முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் திருப்பித் தந்த லாசன், அவனது மோட்டார் வண்டியைப் பற்றி விசாரிக்கலானார். இதைக் கோழைத்தனம் என்று எவரேனும் சொல்லக் கூடுமா?

அப்படியாயின் அறப்போரில் நகைச்சுவைக்கு இடமே இல்லையா? உண்டு. டிக் கிரெகரி என்னும் கறுப்பின நகைச்சுவையாளர் 1961இல் சிக்காகோவில் வெள்ளையர் நிறைந்த அரங்கில் ஒரு கதை சொன்னார். தென்மாநில உணவகம் ஒன்றில் பணிப்பெண், "இங்கே கறுப்பருக்குப் பரிமாறுவதில்லை" என்கிறாள். ஆங்கிலத்தில் அச்சொற்றொடருக்குக் கறுப்பரையே சமைத்துப் பரிமாறுவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம். "அதனாலென்ன, நான் கறுப்பரைத் தின்பதில்லை, எனக்குக் கோழி வறுவல் கொண்டு வாருங்கள்" என்கிறார் இவர். அரங்கு சிரித்தது. எய்த அம்பு பணிப்பெண்ணின் மேல் படவில்லை. அவள் வாயில் வைக்கப்பட்டிருந்த வாக்கியத்தின் மேல்தான் பட்டது. மேடையில் சிரிக்க வைத்த இம்மனிதர் 1963இல் பர்மிங்காமில் சிறையும் சென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறும் வாய்ச்சொல் வீரரல்லர்.

மீண்டும் நாஷ்வில்லுக்கு வருவோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் புத்தாடை வாங்காமல் கறுப்பினத்தார் கடைகளைப் புறக்கணித்தனர், வணிகம் நலிந்தது. விழா முடிந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 19 விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் இல்லத்தின் மேல் வெடிகுண்டு வீசப்பட்டது. அவரும் மனைவியாரும் தப்பியது இறைவன் அருள். அன்றே ஏறத்தாழ 3,000 பேர் நகர மன்றத்தை நோக்கி நடந்தனர். முழக்கம் இல்லை, காலடி ஓசை மட்டுமே கேட்டது.

மேயர் பென் வெஸ்ட் படிகளில் வந்து நின்றார். முதலில் சி.டி. விவியன் என்னும் போதகர், மேயரைக் கடுமையாகச் சாடும் அறிக்கையைப் படித்தார். மேயர் சினந்தார், வாக்குவாதம் முற்றியது. அப்போது டயான் நாஷ் என்னும் 21 வயது மாணவி குறுக்கிட்டார். சிக்காகோவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, ஒரு காலத்தில் அருள்சகோதரியாகவும் எண்ணியிருந்தவர் இவர். நிறத்தை மட்டும் காரணமாகக் கொண்டு ஒருவரை ஒதுக்குவது தவறு என்று ஒரு மனிதராக நீங்கள் கருதுகிறீர்களா என்று மேயரைக் கேட்டார். மேயர் தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். சிற்றுண்டி மேசைகளிலும் அவ்வேற்றுமை நீங்க வேண்டுமா என்று நாஷ் விடவில்லை. ஆம் என்றார். மறுநாள் நாளிதழில் அதுவே தலைப்புச் செய்தி.

விவியனின் கடுஞ்சொல் வீண் என்று நாம் சொல்லமாட்டோம். பொய்யான இணக்கத்தை அது கலைத்தது. கலைந்த இடத்தில்தான் நாஷின் கேள்வி நுழைந்தது. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலன் ஒருவன் அறைந்தபோது நம் ஆண்டவர் மௌனமாய் மறுகன்னத்தைக் காட்டிவிடவில்லை. தாம் பேசியது சரியானால் ஏன் அடிக்கிறாய் என்று அவனிடமே கேட்டார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. அக்காவலன் பதில் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. நாஷ்வில் மேயர் பதில் சொன்னார். அந்த அளவில் அவருக்கும் நம் பாராட்டு உரியது.

மே 10 அன்று நகர மையத்துக் கடைகள் ஆறு, கறுப்பினத்தாருக்கு முதன்முறையாக உணவு பரிமாறின. நகரின் மற்ற உணவகங்கள் திறக்க இன்னும் சில ஆண்டுப் போராட்டமும், 1964ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன. ஆனால் அன்று வெற்றி ஊர்வலம் ஏதும் நடத்தப்படவில்லை. முன்னரே பேசிவைத்தபடி சிறு சிறு குழுவினராகச் சென்று அமர்ந்தனர். செய்தியைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று பத்திரிகைகளும் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தன. சாப்பிட்டார்கள், பணம் கொடுத்தார்கள், வீடு திரும்பினார்கள்.